600 லீற்றர் கடல்மீன் தொட்டியில் நைட்ரேட் 120: ஏன் இறங்கவில்லை, எப்படி இறக்குவது

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், இதே சிக்கலோடு வாசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். வெள்ளவத்தையில் மாடி வீடு. 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி, கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டுகிற துணைத் தொட்டி), மூன்று வருடமாக ஓடுகிறது. ஒரு எம்பரர் ஏஞ்சல், ஒரு பவுடர் புளூ டாங், ஒரு பிக்காசோ டிரிகர், இரண்டு மூன் ராஸ். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை 10 வீதம் தண்ணீர் மாற்றுகிறீர்கள், ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. ஆனாலும் நைட்ரேட் 120 பிபிஎம்மில் (லீற்றருக்கு மில்லிகிராம்) நிற்கிறது. பக்டீரியா போத்தல் இரண்டு ஊற்றியும் அசையவில்லை. அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீர்கள். தொட்டியில் எதுவும் பழுதாகவில்லை. அது ஏன் 120இல் நிற்கிறது என்பதற்கான விடை நீங்கள் தந்த எண்களிலேயே இருக்கிறது. 120இல் 10 வீதம் மாற்றினால் 108 வரும். அடுத்த மாற்றத்துக்குள் அது திரும்ப 120 ஆகிறது என்றால், இரண்டு கிழமையில் 12 பிபிஎம் ஏறுகிறது. நீங்கள் எடுப்பதும் 12. வருகிறதும் போகிறதும் சமன், அதனால் இன்னும் ஐந்து வருடம் இதையே செய்தாலும் அது அங்கேதான் நிற்கும். பத்தில் ஒரு பங்கு மாற்றினால், இரண்டு கிழமை ஏற்றத்தின் பத்து மடங்கில் நைட்ரேட் போய் நிற்கும். நாலில் ஒரு பங்கு மாற்றினால் நாலு மடங்கில் நிற்கும். இந்தக் கணக்கு மனதில் பதிந்தால் மீதி எல்லாம் இலகு, எந்தக் கருவியையும் எந்தப் போத்தலையும் இதே கணக்கில் வைத்து உரசிப் பார்க்கலாம்.

பக்டீரியா போத்தல் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மீன் கழிப்பதும் மிஞ்சுகிற சாப்பாடும் அமோனியா ஆகின்றன, கல்லிலும் மணலிலும் இருக்கிற பக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகிறது. இந்த வேலைக்கு ஒட்சிசன் வேண்டும். மூன்று வருடத் தொட்டியில் அந்த பக்டீரியாவுக்குக் குறைவே இல்லை, அவை வடிவாக வேலை செய்வதால்தான் நைட்ரேட் இவ்வளவு சேர்கிறது. நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடுகிறது வேறொரு கூட்டம். அது ஒட்சிசன் இல்லாத இடத்தில்தான் அந்த வேலையைச் செய்யும், அதாவது கல்லின் உட்புறத் துளைகளிலும் ஆழமான மணலின் அடியிலும். அந்த இடத்தைப் போத்தலில் அடைத்து விற்க முடியாது.

சரி, அளவை முதலில் உறுதிப்படுத்துங்கள். 6 × 2 × 2 என்றால் 24 கன அடி, கிட்டத்தட்ட 680 லீற்றர். கல், மணல், மேலே விட்ட வெற்றிடம் எல்லாம் கழித்து, சம்பில் இருப்பதைக் கூட்டினால் உண்மையான தண்ணீர் 600 லீற்றர் அளவில் வரும், நான் இனிமேல் அதையே வைத்துக் கணக்குச் சொல்கிறேன். பிறகு டெஸ்ட் கிட். நீங்கள் பாவிக்கிற ஏபிஐ கிட்டில் இரண்டாவது போத்தலை ஆகக் குறைந்தது 30 வினாடி பலமாகக் குலுக்க வேண்டும், விட்ட பிறகு குழாயை ஒரு நிமிடம் குலுக்க வேண்டும், பிறகு ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் நிறம் பார்க்க வேண்டும். அந்தப் போத்தலின் அடியில் படிகிற பொருள் கலங்காமல் விட்டால் எண் பொய் சொல்லும். அதோடு 80க்கும் 160க்கும் இடையில் அந்தச் சிவப்பைக் கண்ணால் பிரித்தறிய யாராலும் முடியாது. அதற்கு வழி, ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு நாலு பங்கு ஆர்ஓ தண்ணீரை (சவ்வில் வடித்த சுத்தத் தண்ணீர்) கலந்து சோதித்து, வருகிற எண்ணை ஐந்தால் பெருக்குவது. இன்னொன்று, சில கிட் நைட்ரேட்டைக் காட்டாமல் நைட்ரேட்-நைட்ரஜனைக் காட்டும், அப்படியானால் 4.4ஆல் பெருக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தால் ஒருவர் 10 என்றும் இன்னொருவர் 44 என்றும் ஒரே தண்ணீரைப் பற்றி வாதாடுவதைக் கனக்கப் பார்த்திருக்கிறேன்.

இனி, எங்கிருந்து வருகிறது என்பது. உங்கள் தொட்டியில் சேர்கிற நைட்ரேட் கிட்டத்தட்ட முழுவதும் நீங்கள் கையால் போடுகிற சாப்பாடு. 45 வீதம் புரதம் உள்ள உலர் உணவு ஒரு கிராமில் 0.07 கிராம் அளவு நைட்ரஜன் இருக்கிறது. அது அத்தனையும் நைட்ரேட்டாக மாறினால் 0.3 கிராமுக்குச் சற்று மேல், அதாவது 600 லீற்றரில் அரை பிபிஎம். தினமும் 4 கிராம் போட்டால் ஒரு நாளைக்கு 2 பிபிஎம் வரை. மீன் வளர்வதற்குக் கொஞ்சம் எடுக்கும், ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி வெளியே தள்ளுகிற கருவி) கொஞ்சம் எடுக்கும், கல் கொஞ்சம் தின்னும், அதனால்தான் உங்களுக்கு இரண்டு கிழமையில் 28 ஏறாமல் 12 ஏறுகிறது. காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் தேக்கரண்டியை ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள். சமையலறைத் தராசு போதும், பத்துக் கரண்டி அளந்து பத்தால் பிரித்தால் சரி.

இறால், கணவாய் கொடுப்பதில் ஒரு விஷயம். சந்தையில் வாங்கி, வீட்டில் வெட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, கட்டியை அப்படியே தொட்டிக்குள் போடுகிறவர்கள் அதிகம். ஒரு துண்டை எடுத்து ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு உருக விட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் பால் மாதிரிக் கலங்கி, மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் வரும், இழையிழையாகச் சதைத் தூள் அடியில் இறங்கும். அது ஒன்றும் மீனின் வாய்க்குள் போகாது, நேரே பில்டருக்குத்தான் போகும். தேயிலை வடியில் வைத்து உருக்கி, ஒரு தடவை கழுவி, வாய்க்கு அளவாக வெட்டிக் கொடுங்கள். டிரிகர் பெரிய துண்டைக் கடித்துத் துப்பிச் சிதறடிக்கும், அதனால் அதற்குச் சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்துக் கொடுப்பது நல்லது. டாங்குக்கும் ஏஞ்சலுக்கும் நோரிப் பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி விடுங்கள். அதைத் துகளாக்காமல் கொத்தித் தின்னும், பகலெல்லாம் மேய்கிற மீனுக்கு அதுதான் இயல்பும் கூட. மீனைப் பட்டினி போடச் சொல்லவில்லை. மெலிந்த டாங்கோடு 20 பிபிஎம் நைட்ரேட் இருப்பதை விடக் கொழுத்த டாங்கோடு 50 இருப்பதே எனக்குச் சரி. ஆனால் போடுவதில் எவ்வளவு உண்மையில் வாய்க்குள் போகிறது என்று கண்ணாடிக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்.

அடுத்தது ஊத்தை. மூன்று வருடத்தில் கல்லுக்குப் பின்னாலும் சம்பின் அடியிலும் எவ்வளவு படிந்திருக்கும் என்று திறந்து பார்க்காமல் நம்ப மாட்டீர்கள். நான் முதல் தடவை பழைய தொட்டி ஒன்றின் சம்பை உறிஞ்சியபோது, கண்ணாடியின் அடி தெரியாமல் இரண்டு விரல் தடிப்பில் மண்ணிறச் சேறு இருந்தது, கையால் தொட்டால் புகை மாதிரி எழும்பியது. அது எல்லாம் மெதுவாக உக்கி நைட்ரேட் ஆகிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மாற்றும் நாளில் தெளிந்த தண்ணீரை மேலிருந்து எடுத்து ஊற்றாதீர்கள், குழாயின் வாயைக் கல்லுக்குப் பின்னால் கொண்டு போய் அந்தச் சேற்றையே எடுத்து வெளியே விடுங்கள். ஒரு சின்ன பம்பால் கல்லின் மேல் ஊதி, அரை மணித்தியாலம் பில்டர் சொக்ஸ் (தண்ணீரை வடிக்கிற துணிப் பை) பிடிக்க விட்டு, சொக்ஸைக் கழற்றிக் கழுவுங்கள். சொக்ஸ் மூன்று நாலு நாளைக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு கிழமை தொங்கினால் அதற்குள் பிடித்ததெல்லாம் அங்கேயே உக்கித் தண்ணீருக்குத் திரும்பி விடும். ஆனால் ஒரு நாளில் எல்லா இடத்தையும் கிண்டாதீர்கள். மணல் ஆழமாக இருந்தால் அடியில் கறுத்துப் போன பகுதியைத் தொடவே வேண்டாம், அங்கே ஐதரசன் சல்பைட் இருக்கலாம். மேல் ஒரு சென்ரிமீற்றர் மட்டும், ஒரு தடவைக்கு நாலில் ஒரு பகுதி.

பயோபோலை (பக்டீரியா ஒட்டி வளர பில்டரில் போடுகிற பிளாஸ்டிக் பந்துகள்) ‘நைட்ரேட் தொழிற்சாலை’ என்று சொல்லி எடுக்கச் சொல்வார்கள். பாதிதான் சரி. எங்கே நடந்தாலும் அமோனியா நைட்ரேட்டாகத்தான் மாறும், பயோபோல் இல்லாவிட்டால் கல்லில் மாறும். கல்லின் மேல் மாறினால் பக்கத்திலேயே உள்துளைகளில் இருக்கிற பக்டீரியாவுக்கு அது கிடைக்கும், அது ஒரு நன்மை. அதோடு பயோபோலுக்கு நடுவே ஊத்தை நன்றாகச் சிக்கும். கல்லு நிறைய இருந்தால் கிழமைக்கு நாலில் ஒரு பங்காக எடுத்துவிடலாம், அமோனியாவை ஒரு கண் பார்த்துக்கொண்டு. கல்லு குறைவென்றால் தொட்டித் தண்ணீரில் அலசி அலசி வைத்திருங்கள்.

இனித் தண்ணீர் மாற்றம். 120ஐ இறக்குவதற்கு அதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது. 30 வீதம், அதாவது 180 லீற்றர், நாலு நாளைக்கு ஒரு தடவையாக மூன்று தடவை மாற்றினால், இடையில் ஏறுவதையும் சேர்த்து, 45க்குக் கிட்ட வந்துவிடும். திடீரென்று நைட்ரேட் குறைந்தால் மீன் அதிர்ச்சியில் சாகும் என்று பலர் பயப்படுத்துவார்கள். நான் கண்டவரை மீனைத் தாக்குகிறது நைட்ரேட் குறைவதல்ல, அதோடு சேர்ந்து மாறுகிற மற்றவை. பழைய தொட்டியில் நைட்ரேட் ஏற ஏற கேஎச் (பிஎச்சை விழாமல் தாங்குகிற காரத்தன்மை அளவு) இறங்கிக்கொண்டே வந்திருக்கும், பிஎச்சும் கூட. தொட்டியில் கேஎச் 5, புதுத் தண்ணீரில் 9 என்றால் ஒரே நாளில் பிஎச் தூக்கும், தண்ணீரில் கொஞ்சம் அமோனியா இருந்தால் பிஎச் ஏறும்போது அது கனக்க நஞ்சாகும். அதனால் முதலில் கேஎச் பாருங்கள். உப்பளவு (அடர்த்தி எண்ணில்) 1.025 என்றால் புதுத் தண்ணீரும் 1.025, ரிஃப்ராக்டோமீற்றரால் இரண்டையும் அளந்து. வெப்பநிலை ஒரு பாகைக்குள். உப்பை முதல் நாளே கரைத்து, பரலுக்குள் ஒரு பம்ப் போட்டு இரவு முழுவதும் சுற்ற விடுங்கள்.

45க்கு வந்த பிறகு மேலே சொன்ன கணக்குக்குத் திரும்பி வாருங்கள். ஏற்றம் 12 ஆகவே இருந்தால், 30இல் வைத்திருக்க இரண்டு கிழமைக்கு 40 வீதம், 240 லீற்றர் மாற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 9 கிலோ அளவு உப்பு. இன்றைய விலைக்கு அது பெரிய காசு, முதுகும் முறியும். சாப்பாட்டையும் ஊத்தையையும் கவனித்து ஏற்றத்தை 6 ஆக்கிவிட்டால், 25 வீத மாற்றத்திலேயே 24க்கு மேல் போகாது. இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வது இதனால்தான், ஒன்று மட்டும் என்றால் பாதியில் களைத்து விட்டுவிடுவீர்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையிலும், களட்டுவாவ, லபுகம நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. குளோரினை நீக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், ஆர்ஓ என்றால் நிம்மதி. கிணறு என்றால் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். கொழும்பைச் சுற்றிய நெருக்கமான வீடுகளில் மலக்குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைட்ரேட் அதிகம் என்பது பழைய கதை, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லையே லீற்றருக்கு 50 மில்லிகிராம். 30 உள்ள தண்ணீரை ஊற்றி 30க்குக் கீழே போக வழியில்லை.

கடல் தண்ணீர் இலவசம்தான், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு ஏன் உப்பு வாங்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் நகரத்தின் கழிவோடு அங்கேதான் கடலில் விழுகின்றன, மட்டக்குளியில் களனி ஆறு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழையில் கரைத் தண்ணீர் கலங்கி, உப்பும் குறைந்திருக்கும். எடுப்பதென்றால் மழை இல்லாத நாளில், வற்று முடிந்து நீர் ஏறி நிற்கிற நேரத்தில், கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நன்றாகத் தள்ளி, முடிந்தால் படகில் போய் ஆழத்தில். பிறகு மூடிய பரலில் இருட்டில் இரண்டு கிழமை காற்று விட்டு வைத்து, உப்பளவும் நைட்ரேட்டும் பார்த்து ஊற்றுங்கள்.

இதற்குப் பிறகும் இறக்க வேண்டுமென்றால் மூன்று வழிகள் இருக்கின்றன. உங்கள் தொட்டிக்கு நான் முதலில் சொல்வது பாசி. சம்பில் ஒரு அறையில் கேட்டோ என்கிற நூல் பாசியைப் போட்டு, நல்ல வெளிச்சம் கொடுத்து, தொட்டி விளக்கு அணைகிற இரவில் அதை எரிய விடுங்கள், இரவில் பிஎச் விழுவதும் குறையும். நூல் பந்து மாதிரி வளரும், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பாதியைப் பிய்த்து எறிய வேண்டும். எறிந்தால்தான் நைட்ரேட் வெளியே போகும், பார்க்க அழகாக இருக்கிறதென்று விட்டால் நடுவில் வெளிச்சம் போகாமல் அழுகி எல்லாம் திரும்பி வரும். கௌலர்பா எங்கள் கரைகளிலேயே வளர்கிறது, இலகுவாகக் கிடைக்கும், ஆனால் அது திடீரென்று ஒரே இரவில் வெளுத்துக் கரைந்து பிடித்ததையெல்லாம் தண்ணீரில் விட்டுவிடக்கூடியது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்டல் செடி வைக்கலாம், வடிவாக இருக்கும், நைட்ரேட்டுக்கு அது வளர்கிற வேகம் போதாது.

இரண்டாவது வினாகிரி. அதிலுள்ள கார்பனைத் தின்று பக்டீரியா பெருகும், பெருகும்போது நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் உறிஞ்சும், அந்த பக்டீரியாவை ஸ்கிம்மர் இழுத்து வெளியே தள்ளும். நல்ல ஸ்கிம்மர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். தென்னங்கள் வினாகிரி வேண்டாம், நிறமில்லாத வெறும் வெள்ளை வினாகிரி, 4 அல்லது 5 வீத அசற்றிக் அமிலம். உங்கள் அளவுக்குக் காலையில் 5 மில்லிலீற்றரில் தொடங்கி, கிழமைக்கு 5 கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் கூட்டுவதை நிறுத்துங்கள், வேண்டிய இடத்துக்கு வந்ததும் பாதியாகக் குறையுங்கள். பொஸ்பேட் பூச்சியம் என்றால் நைட்ரேட்டும் இறங்காது, அந்த பக்டீரியாவுக்கு இரண்டும் வேண்டும். அதனால் பொஸ்பேட்டை உறிஞ்சுகிற இரும்புக் குறுணியை இந்த நேரத்தில் நிறுத்தி வைக்கலாம்.

இதில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். 2022 தொடக்கத்தில் நீண்ட மின்வெட்டு நடந்த மாதங்களில், இறங்கவில்லையே என்ற அவசரத்தில் ஒரே கிழமையில் 15இலிருந்து 40 மில்லிலீற்றருக்குப் போனேன். ஒரு நாள் இரவு கரண்ட் போனது, விடிய எழும்பிப் பார்த்தால் தண்ணீர் பால் நிறம், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஆறு வருடம் வளர்த்த ஏஞ்சல் அன்று மத்தியானம் போனது. பெருகுகிற பக்டீரியா ஒட்சிசனைக் குடிக்கும், 29 பாகைக் கடல் தண்ணீரில் முழுதாக நிறைந்தாலே லீற்றருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் ஒட்சிசன் நிற்கும், பம்பும் நின்றால் தாங்காது. பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் வாங்கி வைக்காமல் இந்த வழிக்குப் போகாதீர்கள். நீங்கள் ஒன்று வாங்கத்தான் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள்.

மூன்றாவது கந்தக ரியாக்டர். பெரிய மீன்கள் நிறைய இருக்கிற, பவளம் இல்லாத தொட்டிகளுக்கு நல்லது. கந்தகக் குண்டுகள் நிறைந்த மூடிய குழாய்க்குள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒட்சிசன் இல்லாத உள்ளே பக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கும். கந்தகம் தொட்டி அளவில் நூற்றுக்கு ஒரு பங்கு வைப்பது வழக்கம், உங்களுக்கு 6 லீற்றர். வெளியே வருகிற தண்ணீரில் நைட்ரைட் இருந்தால் ஓட்டத்தைக் குறையுங்கள், அழுகின முட்டை மணந்தால் கூட்டுங்கள். அமிலம் உண்டாகிக் கேஎச் விழும், அதற்கு அடுத்த அறையில் பவளக் குறுணி வைக்க வேண்டும். தோட்டத்துக்கு அடிக்கிற கந்தகத் தூள் வேண்டவே வேண்டாம், அதில் வேறு பொருள் கலந்திருக்கும். கரண்ட் போய் சில மணித்தியாலம் நின்றால், வந்த பிறகு அந்தக் குழாய்க்குள் இருக்கிற தண்ணீரை வாளியில் பிடித்து எறிந்துவிட்டுத்தான் திரும்பத் தொட்டியோடு இணைக்க வேண்டும். மூடிய கனிஸ்டர் பில்டருக்கும் இதே கதைதான்.

எவ்வளவுக்கு இறக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் மீன்களுக்கு 20 முதல் 40 வரை போதும். பிறகு மென்பவளம் ஏதாவது வைக்க நினைத்தால் 5 முதல் 15. பூச்சியத்தைத் தேடிப் போகாதீர்கள், நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் அற்றுப்போன தொட்டியில் டைனோ (டைனோபிளஜலேட் என்கிற நுண்ணுயிர்) வந்து மணலெல்லாம் மண்ணிறச் சளியாகப் படிந்தால் அதைப் போக்குவது இதைவிடக் கஷ்டம்.

இந்தச் சனிக்கிழமை ஆர்ஓ தண்ணீர் கலந்து சோதிக்கிற முறையில் நைட்ரேட் பாருங்கள், கேஎச் பாருங்கள், அந்தத் தேக்கரண்டியை நிறுத்துப் பாருங்கள், மூன்று எண்ணையும் எழுதுங்கள். கேஎச் 6க்குக் கீழே இருந்தால் 180 லீற்றருக்குப் போகாமல் முதல் தடவை 90 லீற்றரோடு நிறுத்திவிடுங்கள், அடுத்ததைப் பேசித் தீர்மானிக்கலாம்.